பொறிவண்டுக்கு ஒரு சாடி: வரவழைப்பதும் கிட்ட இருந்து படம் எடுப்பதும்

பொறிவண்டைக் கிட்ட இருந்து படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது எந்த லென்ஸ் வாங்கலாம் என்றுதான். ஒரு சாடியில் நாலைந்து பயற்றம் விதை போடுங்கள், லென்ஸைப் பிறகு பார்க்கலாம் என்பது என் பதில். பயற்றங்கொடி இரண்டு மூன்று அடி ஏறியதும் இளங்கொழுந்தில் கறுப்புக் கறுப்பாக அழுக்கணவன் என்ற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி பிடிக்கும், அழுக்கணவன் பிடித்த கொடியைத் தேடிப் பொறிவண்டு வரும், வந்தால் சாப்பாடு இருக்கும் வரை அங்கேயே நிற்கும், முட்டையும் இடும். பூங்கா பூங்காவாக அலைந்து ஒரு வண்டைக் கண்டுபிடித்து, கமராவைத் திறப்பதற்குள் அது பறந்துவிடுவதைப் பார்த்து நிற்பதைவிட, வீட்டுச் சாடியிலேயே முட்டையில் இருந்து செட்டை முளைக்கும் வரை இரண்டு மூன்று கிழமை பக்கத்தில் இருந்து பார்க்கலாம்.

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடி. தோட்டம் என்று இருப்பது பல்கணியில் பத்துப் பன்னிரண்டு சாடிகள்: கறிவேப்பிலை, மிளகாய், கத்தரி, ஒரு செவ்வரத்தை, கம்பியில் ஏறும் பயற்றங்கொடி. இந்த உயரத்துக்கும் வண்டு வருகிறது. முதல் வருடம் கொழுந்து முழுக்க அழுக்கணவனைக் கண்டதும் அம்மா, "சாம்பல் தூவட்டோ?" என்று கேட்டார். தூவினோம். கூடவே இலையில் ஊர்ந்த சாம்பல் நிறப் புழுக்கள் சிலவற்றையும் நானே கையால் நசுக்கினேன். அவைதான் பொறிவண்டின் குடம்பிகள் என்று தெரிந்தபோது மனசு கனத்துப்போனது. அடுத்த வருடம் அம்மாவிடம், "பத்து நாள் மட்டும் பொறுங்கோ" என்று கேட்டுக்கொண்டேன். அப்போது தொடங்கிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாலு உருவமும் ஒரே பூச்சிதான்

சிவப்பில் கறுப்புப் புள்ளி போட்ட குட்டி வண்டை எல்லோருக்கும் தெரியும். அதன் மற்ற மூன்று உருவங்களைத் தெரியாததால்தான் நம் கையாலேயே அதை அழிக்கிறோம். முட்டை மஞ்சள் நிறம், சோற்றுப் பருக்கையைவிடப் பல மடங்கு சிறியது, பத்து இருபது சேர்ந்து இலையின் அடிப்பக்கம் நிமிர்ந்து நிற்கும். கொழும்பு வெக்கைக்கு மூன்று நாள் அளவில் பொரித்துவிடும். முதலில் வெளியே வரும் குடம்பிகள் பக்கத்தில் பொரிக்காமல் இருக்கும் முட்டைகளையே தின்பதும் உண்டு. அதைப் பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

குடம்பியைப் பார்த்தால் இது வண்டாக மாறும் என்று யாரும் நம்பமாட்டார்கள். முதலைக்குட்டி மாதிரி நீண்ட உடம்பு, கரும்சாம்பல் நிறம், முதுகில் முள் போன்ற முனைப்புகள், ஆங்காங்கே வெள்ளை அல்லது செம்மஞ்சள் திட்டு, முன்பக்கம் ஆறு கால். ஓயாமல் ஓடும், ஓயாமல் தின்னும். நாலு கட்டமாக வளர்ந்து, ஒரு கிழமைக்குச் சற்றுக் கூடுதலான நாள்களில் வால் நுனியை இலையில் ஒட்டிக்கொண்டு கூனி உட்காரும். அதுதான் கூட்டுப்புழுவாகப் போகும் நேரம். கூட்டுப்புழுவை எறும்போ உங்கள் மூச்சுக்காற்றோ தீண்டினால் ஒட்டிய நிலையிலேயே விசுக்கென்று நிமிர்ந்து எழும். செத்த பொருக்கு என்று நினைத்து அதைச் சுரண்டி எறிந்துவிடாதீர்கள்.

மூன்று நான்கு நாள் கழித்து வெளியே வரும் நிறைவுடலி, அதாவது முழு வண்டு, வெளிர் மஞ்சள் நிறத்தில், புள்ளியே இல்லாமல், ஈரம் காயாமல் இருக்கும். செட்டை இறுகி நிறம் ஏறப் பல மணி நேரம் ஆகும். எனக்குக் கிடைத்த படங்களில் நான் மிகவும் நேசிப்பது, தன் காலிக் கூட்டின் மேலேயே நின்றபடி, உருகிய வெண்ணெய் நிறத்தில் செட்டையைக் காயவைக்கும் ஒன்றைத்தான். புள்ளி எத்தனையோ வயது அத்தனை என்று பிள்ளைகள் சொல்வார்கள். அது சரியில்லை, புள்ளி இனத்தைப் பொறுத்தது.

உலகம் முழுக்க ஆறாயிரம் அளவில் பொறிவண்டு இனங்கள் இருக்கின்றன. கொழும்புப் பல்கணியில் நீங்கள் அடிக்கடி காணப்போவது மல்லி விதையளவில், மஞ்சளோ செம்மஞ்சளோ கலந்த முதுகில் வளைந்து வளைந்து கறுப்புக் கோடு ஓடும் ஆறு புள்ளிப் பொறிவண்டு. பெயர்தான் ஆறு புள்ளி, கோடுதான் கண்ணில் படும். வயலோரமும் புல்வெளியும் பக்கத்தில் இருந்தால் புள்ளியே இல்லாத செம்மஞ்சள் வண்டு ஒன்றும் வரும். பூசணி இலையில் வெள்ளைப் பொடி மாதிரிப் பூஞ்சணம் பிடித்திருந்தால் அதை மேய வரும் பளிச்சென்ற மஞ்சள் வண்டும் இந்தக் குடும்பம்தான்.

ஆனால் ஒரு உறவுக்காரர் மட்டும் நம் பக்கம் இல்லை. கத்தரி, பாகல் இலையை ஓட்டை வலை மாதிரிச் சுரண்டித் தின்னும் எபிலக்னா வண்டும் பொறிவண்டுக் குடும்பமே, முதுகில் 28 புள்ளி வரை இருக்கும். இதை எப்படிப் பிரித்தறிவது? கிட்ட வைத்துப் பாருங்கள். நீங்கள் அடிக்கடி காணும் நல்ல பொறிவண்டின் முதுகு பித்தளைக் குமிழ் மாதிரிப் பளபளக்கும், ஜன்னல் வெளிச்சம் அதில் வெள்ளையாகத் தெரியும். எபிலக்னாவின் முதுகு மங்கல், பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் வெல்வெட் துணியில் போல நுண்ணிய மயிர் தெரியும். அதன் குடம்பியோ மஞ்சள் நிறம், உடம்பெல்லாம் கிளைவிட்ட முள். அதைக் கையால் பொறுக்கி எடுங்கள், மருந்து தேவையில்லை. எடுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துவிடுங்கள், அந்த முள் கிட்டத்தில் அவ்வளவு அழகு.

வரவழைக்க

ஒரு சாடியை அழுக்கணவனுக்கு என்று விட்டுவிடுங்கள். இதுதான் முழு வித்தையும். மற்றச் சாடிகளில் கை வையுங்கள், தண்ணீரைப் பீச்சி அடியுங்கள், கொழுந்தை நுள்ளி எறியுங்கள், அந்த ஒரு கொடியை மட்டும் தொடாதீர்கள். அழுக்கணவன் சேர்க்கை இல்லாமலே குட்டி போடும், வெக்கைக் காலத்தில் பிறந்த குட்டி ஒரு கிழமைக்குள் தானும் குட்டி போடத் தொடங்கிவிடும், அதனால் முதல் சில நாள் பயமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஒரு வண்டு ஒரு நாளைக்குப் பல பத்து அழுக்கணவனைத் தின்னும், கடைசிக் கட்டக் குடம்பியும் அதற்குச் சளைத்ததில்லை.

இதை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தோடைத் தோட்டங்களை ஒரு செதில் பூச்சி அழித்துக்கொண்டிருந்தபோது, 1888இல் ஆல்பர்ட் கோபல் என்பவர் ஆஸ்திரேலியா போய் அதைத் தின்னும் பொறிவண்டுகளைத் தேடி அனுப்பினார். போனது சில நூறு வண்டுதான். ஓரிரு வருடத்தில் தோட்டங்கள் தலைநிமிர்ந்தன. அதற்காக நீங்களும் வேறெங்கோ இருந்து வண்டு பிடித்து வந்து விட வேண்டாம். ஐரோப்பாவில் அப்படிக் கொண்டுபோய் விட்ட ஆசிய இனம் ஒன்று அங்கிருந்த பொறிவண்டுகளையே நெருக்கிவிட்டது. சாப்பாடு இருந்தால் நம் ஊர் வண்டு தானாகவே வரும்.

நிறைவுடலி மகரந்தமும் சாப்பிடும். மல்லியைப் பூக்கவிடுங்கள், கடுகைப் பூக்கவிடுங்கள். சமையலறை மல்லி விதையையே லேசாக நசுக்கித் தூவினால் முளைக்கும், வாங்கத் தேவையில்லை. இடம் உள்ளவர்கள் இரண்டு சோளம் நடலாம்.

அப்புறம் எறும்பு. அழுக்கணவன் விடும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும், முட்டையையும் தூக்கிப்போகும். எறும்பு ஏறும் கொடியில் வண்டு நிலைப்பது கஷ்டம். சாடியைத் தண்ணீர்த் தட்டில் வைத்தால் எறும்பு ஏறாது என்று பலரும் சொல்வார்கள். கொழும்பில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் வழக்கும் வரும். சாடியின் கழுத்தைச் சுற்றி அகலமான டேப் ஒட்டி, அதன்மேல் வாஸ்லின் தடவுங்கள். கொடி சுவரையோ கம்பியையோ தொடும் இடத்தையும் பாருங்கள், அந்தப் பாலம் ஒன்று போதும் எறும்புக்கு.

டெங்குப் புகை அடிக்கும் நாளில் பொறிவண்டும் சாகும். புகை வேண்டாம் என்று சொல்ல முடியாது, ஆட்களின் உயிர் பெரிது. அறிவித்தல் வந்தால் குடம்பி இருக்கும் சாடியை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்திவிடுங்கள், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். வேப்பெண்ணெய்க் கரைசல், சவர்க்காரத் தண்ணீர் எல்லாம் இயற்கைதானே என்று நினைத்துத் தெளிப்பவர்களுக்கும் இதே சொல்தான். குடம்பி நிற்கும் கொடியில் தெளித்தால் அதுவும் போய்விடும்.

செவ்வரத்தையில், பப்பாசியில் பஞ்சு மாதிரி அப்பியிருக்கும் வெண்மூட்டுப்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். 2008இல் பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி வந்து கொழும்பு, கம்பஹா வீட்டுத் தோட்டங்களைப் படுத்திய பாடு பலருக்கு நினைவிருக்கும். அதனால் அதைக் கண்டதுமே தேய்த்துக் கழுவும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. கழுவமுன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். கூட்டத்துக்குள் வேகமாக நடக்கும், வெள்ளை மெழுகு இழை இன்னும் நீளமாகத் தொங்கும் ஒன்று இருந்தால், அது வெண்மூட்டுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் குடம்பியாக இருக்கலாம். வெண்மூட்டுப்பூச்சி மெல்ல நகரும், இது ஓடும். அதே கூட்டத்தில் ஒரு சின்ன வண்ணத்துப்பூச்சியின் புழுவும் இரை தேடும். அதன் கூட்டுப்புழு அச்சாகக் குரங்கு முகம் மாதிரி இருக்கும், கண்டால் விடாதீர்கள்.

படம் எடுக்க

வெளிநாட்டு வழிகாட்டிகளில், விடியக்காலைக் குளிரில் பூச்சி விறைத்து நிற்கும், அப்போது எடு என்று எழுதியிருப்பார்கள். நுவரெலியாவில் சரிவரலாம். கொழும்பில் இரவுகூட வெக்கை, வண்டு விடியும்போதே ஓட்டம்தான். குளிர்சாதனப்பெட்டியில் வைத்து மயக்கி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். அந்தப் படத்தில் கால்களை மடக்கி வைத்திருக்கும் விதத்திலேயே வண்டின் துன்பம் தெரியும். நமக்கு வேறு நல்ல நேரங்கள் உண்டு. அழுக்கணவனைத் தின்னும்போது, மழை விட்டபின் இலைத் துளியில் தண்ணீர் குடிக்கும்போது, கூடு விட்டு வெளியே வந்து காயும்போது அது ஓரிடத்தில் நிற்கும். சாடி வீட்டிலேயே இருப்பதன் பலன் இங்கேதான்.

காலை ஆறரை முதல் எட்டரை வரை எடுங்கள். கொழும்பு ஏழு பாகை வடக்கில் இருப்பதால் நடுப்பகலில் வெயில் கிட்டத்தட்டத் தலைக்குமேல் விழும், செட்டை வெள்ளையாக எரிந்து வயிற்றுப்பக்கம் இருண்டுவிடும். கடல் பக்கம் பார்த்த பல்கணி என்றால் காலையில் நிழல் வெளிச்சம், காற்றும் குறைவு. மத்தியானம் கடல்காற்று எழும்பினால் கொழுந்து ஆடத் தொடங்கும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. லேசான காற்றுக்கு உடுப்புக் கிளிப் ஒன்றை ஈர்க்குச்சியில் கட்டிச் சாடியில் குத்தி, தண்டைப் பிடித்துக்கொள்ளச் செய்யுங்கள்.

போன் மட்டும் இருந்தாலும் போதும். பல புதுப் போன்களில் கிட்ட எடுக்கும் வசதி உண்டு, ஆனால் இரண்டு மூன்று சென்டிமீற்றருக்குப் போகவேண்டியிருப்பதால் போனின் நிழலே வண்டில் விழும். வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி நில்லுங்கள். திரையில் வண்டின்மேல் விரலை அழுத்திப் பிடித்துப் போகஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள், இல்லாவிட்டால் சிவப்பு முதுகு வெளுத்து விவரம் போய்விடும். புறக்கோட்டையில் விற்கும் கிளிப் லென்ஸ்களை உங்கள் போனில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள், ஓரம் மங்கினாலும் நடு கூர்மையாக இருந்தால் சரி.

கமரா இருப்பவர்கள் உடனே விலையுயர்ந்த மேக்ரோ லென்ஸுக்கு ஓட வேண்டியதில்லை. பழைய 50 மில்லிமீற்றர் லென்ஸை முன்பின்னாகத் திருப்பி மாட்டி உருப்பெருக்க உதவும் வளையம் மலிவு. வெளிச்சம் நுழையும் துவாரத்தைக் கையால் மாற்றும் பழைய லென்ஸ் என்றால் இன்னும் நல்லது. லென்ஸின் முன்னால் கவ்விக்கொள்ளும் ரேநொக்ஸ் 250 மாதிரியான உருப்பெருக்கி இன்னொரு வழி. அதில் பத்துப் பன்னிரண்டு சென்டிமீற்றர் தூரம் கிடைப்பதால் வண்டு மிரளாது. துவாரத்தின் அளவை எஃப் 8க்கும் எஃப் 11க்கும் இடையில் வையுங்கள் (எண் கூடக் கூடத் துவாரம் சிறிது), எஃப் 16ஐத் தாண்டினால் முழுப்படமும் மெல்ல மங்கும்.

எந்தக் கருவி என்றாலும் கணக்கு இதுதான்: உயிர் அளவில், அதாவது வண்டின் உருவம் கமராவின் சென்சரில் அதன் உண்மை அளவிலேயே விழும்படி எடுக்கும்போது, கூர்மையாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீற்றர் அளவுதான் வரும், வண்டோ ஐந்து மில்லிமீற்றர் நீளம். எல்லாவற்றையும் கூர்மையாக்க முடியாது, கண்ணைத் தெரிந்தெடுங்கள். கண் எது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முன்பக்கம் இரண்டு கன்னத்திலும் வெள்ளைத் திட்டு தெரியுமே, அது கண் இல்லை, தலையை மூடும் கழுத்துக் கவசத்தின் நிறம். கண் அதற்கு முன்னால், கீழே, கறுப்பாக, கடுகில் பாதிகூட இராது. வண்டின் உயரத்துக்கு இறங்கி, கொஞ்சம் பக்கவாட்டில் இருந்து பார்த்தால்தான் தெரியும். மேலே இருந்து எடுத்தால் பொத்தான் மாதிரி ஒரு சிவப்பு வட்டம்தான் கிடைக்கும். தானியங்கிப் போகஸை நிறுத்திவிட்டு, முழங்கையைச் சாடி விளிம்பில் ஊன்றி, உடம்பை மயிரிழை மயிரிழையாக முன்னே சாய்த்துக்கொண்டு தொடராகப் பத்துப் பதினைந்து எடுங்கள். அதில் ஒன்றில் கண் விழும். எனக்கு நூற்றில் நாலைந்துதான் தேறும், அது போதும்.

பிளாஷ் அடித்தால் அந்தப் பளபள முதுகில் ஒரு வெள்ளைப் பொட்டு எரியும். வெளிச்சத்தைப் பெரிதாக்கி மென்மையாக்குவதுதான் வழி. பொதி சுற்றி வரும் மெல்லிய வெள்ளை நுரைத்தாளை இரண்டு மடிப்பாக வளைத்து, பிளாஷுக்கும் வண்டுக்கும் இடையில், வண்டுக்கு முடிந்தவரை கிட்ட வையுங்கள். தாள் எவ்வளவு கிட்டவோ அவ்வளவு மென்மை. பொட்டு அழிந்து, முதுகில் வானம் மாதிரி ஒரு வெளிர் விரிப்பு வரும்.

பறக்கும் கணம் வேண்டுமா? பொறிவண்டு மேலே ஏறுவதையே விரும்பும், உச்சிக்கு வந்து வழி முடிந்தால் பறக்கும். ஒரு ஈர்க்குச்சியை வண்டின் முன்னால் பிடியுங்கள், ஏறியதும் நிமிர்த்தி ஊன்றுங்கள். நுனியில் போகஸை வைத்துக் காத்திருங்கள். நுனிக்கு வந்து ஒரு சுற்றுச் சுற்றும், நிற்கும், கடினமான முன்செட்டை இரண்டும் கார்க் கதவு மாதிரி விரியும், அடியில் மடித்து வைத்த, உடம்பைவிட நீளமான மெல்லிய செட்டை நீளும், அந்தக் கணத்தில் அழுத்துங்கள். பிளாஷின் சக்தியை 1/16க்கோ 1/32க்கோ குறைத்தால் அதன் ஒளி மிகக் குறுகிய நேரம்தான் எரியும், அசைவு உறைந்துவிடும். விரலால் பிடிக்காதீர்கள். மிரண்டால் கால் மூட்டுகளில் இருந்து மஞ்சள் நீரை விடும், கசப்பும் நாற்றமும் உள்ள அது வண்டின் காவல் ஆயுதம், வீணாக்க வைக்கவேண்டாம்.

கமராவை எடுத்து முடிந்ததும் வெளியே வைத்துவிட்டுப் போகாதீர்கள். கடல் பக்க வீடுகளில் உப்புக் காற்று, மழை மாதங்களில் ஈரம், லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்தால் சுத்தம் செய்யும் செலவில் இன்னொரு லென்ஸ் வாங்கலாம். காற்றுப் புகாத மரக்கறிப் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், நிறம் மாறினால் ஜெல்லை மாற்றுங்கள்.

சாப்பாடு தீர்ந்ததும் குடம்பிகள் பக்கத்துச் சாடிகளுக்கும் சுவருக்கும் நடந்துபோகும், அங்கேயே கூட்டுப்புழுவாகும், மூன்று நான்கு நாள் கூட்டும்போதும் தண்ணீர் விடும்போதும் பார்த்துச் செய்யுங்கள். முதல் கொடியில் முட்டையைக் கண்ட அன்றே இரண்டாம் சாடியில் அடுத்த பயற்றம் விதையைப் போட்டுவிட்டால், புது வண்டுகளுக்குச் செட்டை இறுகும் நேரத்தில் அந்தக் கொடியும் கம்பியைத் தொட்டிருக்கும்.